பதினொரு சொற்கள்: ஒரு குறுங்கதை, கவிதைப் போட்டியின் முடிவுகளை முன்வைத்து

போட்டி முடிவுகள் வெளியானதும் வென்றவர்களின் பெயர்களை வாசிக்கிறோம். பரிசளிப்பு விழாப் படத்தைப் பார்க்கிறோம். பின்னர் மறந்துவிடுகிறோம். வென்ற ஆக்கங்களை முன்னால் வைத்துக்கொண்டு அவை ஏன் வென்றன என்று பேசும் வழக்கம் எம்மிடையே மிகக் குறைவு. தோற்ற ஆக்கங்களைப் பற்றிப் பேசும் வழக்கமோ அறவே இல்லை. நடுவர்கள் மேடையில் ஏறி, "தரமான ஆக்கங்கள் பல வந்திருந்தன, தெரிவு செய்வது சிரமமாக இருந்தது" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார்கள். நானும் அப்படிச் சொல்லிவிட்டு இறங்கியவன்தான். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

கடந்த ஆண்டு எமது பிரதேசத்து வாசகர் வட்டமொன்று குறுங்கதைக்கும் கவிதைக்குமாக ஒரு போட்டியை நடத்தியது. நடுவர்கள் மூவரில் நானும் ஒருவன். குறுங்கதை 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும், கவிதை 20 வரிகளுக்குள் இருக்க வேண்டும், வயதெல்லை கிடையாது. பெயர்கள் மறைக்கப்பட்டு இலக்கமிடப்பட்ட பிரதிகள் ஒரு பிஸ்கட் பெட்டி நிறைய என் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. கூடவே புள்ளித் திட்டமொன்றும் வந்தது: கருவுக்கு 25, மொழிநடைக்கு 25, சுருக்கத்துக்கு 20, முடிவுக்கு 30. நாங்கள் மூவரும் அதை வாசித்தோம், சரியென்றோம். தவறு அங்கேயே தொடங்கிவிட்டது என்பது பின்னர்தான் புரிந்தது.

முதலில் வென்ற கதைகளைப் பார்ப்போம்.

முதற்பரிசு பெற்ற கதை நோன்புக் கஞ்சி பற்றியது. பள்ளிவாசலில் கஞ்சி பங்கிடும் ஒருவர், மூன்றாம் முறையாகப் பாத்திரத்தை நீட்டும் சிறுவனைக் கடிந்து விரட்டுகிறார். அன்றிரவு தராவீஹ் முடிந்து திரும்புகையில், ஓர் ஓலைக் குடிசையின் வாசலில் படுக்கையில் கிடக்கும் தாய்க்கும் தம்பி தங்கையருக்கும் அச்சிறுவன் கஞ்சியைப் பகிர்ந்து கொடுப்பதைக் காண்கிறார். கண்கலங்குகிறார். கதை முடிகிறது. மொழி சுத்தமாக இருந்தது. ஒரு சொல்லும் மிகையாக இல்லை. மூவருமே முடிவுக்கு 30இல் 25க்கு மேல் கொடுத்தோம்.

இன்று மீள வாசிக்கையில் ஒரு கேள்வி எழுகிறது. இது யாருடைய கதை? சிறுவனுடைய பசி, கஞ்சி பங்கிட்டவர் மனம் திருந்துவதற்கான ஏற்பாடாக மட்டுமே அங்கே இருக்கிறது. அவனுக்கு முகமில்லை, பேச்சில்லை. அடுத்த நாள் அவன் மீண்டும் வரிசையில் நின்றானா, நின்றிருந்தால் அவனுடைய கண் எங்கே பார்த்திருக்கும் என்பதெல்லாம் கதாசிரியருக்குத் தேவைப்படவில்லை. வாசிப்பவர் ஒரு சொட்டுக் கண்ணீரோடு தன்னை நல்லவராக உணர்ந்து எழும்பிப் போய்விடலாம். இவ்வகைக் கதைகளின் வெற்றியும் பலவீனமும் ஒரே இடத்தில்தான் உள்ளன.

இரண்டாம் பரிசுக் கதை கடல்கோள் பற்றியது. 2004 டிசெம்பர் 26 எமது கரையோரத்தில் எத்தனை வீடுகளைத் துடைத்தெறிந்தது என்பதை இச்சஞ்சிகையின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பெண் தினமும் மாலையில் கணவனின் தொலைபேசி இலக்கத்துக்கு அழைப்பெடுக்கிறாள். அவன் கடலோடு போனவன் என்பது கடைசி வரியில் சொல்லப்படுகிறது. ஆனால் மூன்றாவது வரியிலேயே அது வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. ஒளித்து வைக்க முடியாத ஒன்றை ஒளிப்பதிலேயே கதையின் பாதிச் சொற்கள் செலவாகிவிட்டன.

ஆயினும் இக்கதையின் நடுவே ஒரு வரி கிடக்கிறது. அவளுடைய முந்தானை முடிச்சில் இன்னும் வீட்டுத் திறப்பு இருக்கிறது. கதவும் இல்லை, நிலையும் இல்லை. உண்மையான கதை அந்தத் திறப்பில்தான் இருந்தது. எழுதியவர் அதைக் கண்டெடுத்தும், அதன் பெறுமதி தெரியாமல் கடந்து போய்விட்டார். போட்டிக் கதை என்றால் கடைசி வரியில் ஓர் அதிர்ச்சி இருக்க வேண்டும் என்ற எண்ணமே அவரைத் துரத்தியிருக்கிறது. அந்த எண்ணத்தை அவருக்கு ஊட்டியவர்கள் நாங்கள்தான். முடிவுக்கு 30 புள்ளி என்று அறிவித்தால் எழுதுபவர் வேறென்ன செய்வார்?

மூன்றாம் பரிசுக் கதையில் அதிர்ச்சி எதுவும் இல்லை. மத்திய கிழக்கில் பணிப்பெண்ணாக இருந்துவிட்டு நான்கு வருடங்களின் பின் வீடு திரும்புகிறாள் ஒரு தாய். கடைசிப் பிள்ளை அவளை 'மாமி' என்று அழைக்கிறது. யாரும் திருத்தவில்லை. அவளும் திருத்தவில்லை. பெட்டியைத் திறந்து, கொண்டு வந்த சொக்லேட்டுகளைப் பிள்ளைகளின் எண்ணிக்கைப்படி பாயில் பிரித்து வைக்கத் தொடங்குகிறாள். அவ்வளவுதான். முடிவுக்கு இந்தக் கதை என்னிடம் பெற்றது 30இல் 9. 'முடிவு தெளிவில்லை' என்று பக்கத்தில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். அந்தத் தாளை இப்போது பார்க்க வெட்கமாக இருக்கிறது. பிரித்து வைக்கும் அந்தக் கைகளில் நான்கு வருடங்களும் இருக்கின்றன. அதற்கு மேல் ஒரு சொல் எழுதியிருந்தாலும் கதை கெட்டிருக்கும்.

சிறிய கதைக்குத் திருப்பம் அவசியம் என்ற கருத்து எங்கிருந்து வந்தது? எமது மரபிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை. ஈழத்தில் குறுங்கதை என்ற பெயர் பரவலாவதற்கு முன்பே உருவகக் கதை என்றொரு வடிவம் வேரூன்றியிருந்தது. காண்டேகர், கலீல் ஜிப்ரான் ஆகியோரின் வாசிப்பும் அதற்கு உரமிட்டது. சு.வே., எம். ஏ. ரஹ்மான், எஸ். முத்துமீரான் முதலியோர் அவ்வடிவில் எழுதினார்கள். கவிதையில் மஹாகவி 'குறும்பா' என்ற ஐந்தடி வடிவத்தை ஆங்கில லிமரிக்கிலிருந்து எடுத்துத் தமிழின் ஓசைக்குள் நிறுத்தினார். 1966இல் அது ரஹ்மானின் அரசு வெளியீடாக நூலுருப் பெற்றது. குறும்பாவின் கடைசி அடியிலும் ஒரு சுண்டல் உண்டு. ஆனால் அந்தச் சுண்டல் சமூகத்தின் போலிமையை நோக்கியது. வாசகரை ஏமாற்றுவது அதன் நோக்கமன்று.

உருதில் சாதத் ஹசன் மண்டோ 1948இல் வெளியிட்ட 'ஸியாஹ் ஹாஷியே' தொகுப்பையும் இங்கு நினைவுகூர வேண்டும். 1947 பிரிவினைக் கலவரத்தைப் பற்றிய சின்னஞ்சிறு எழுத்துகள் அவை. சில இரண்டு மூன்று வரிகளுக்கு மேல் போவதில்லை. பத்திரிகைச் செய்தி எழுதுவது போன்ற வெறும் குரலில் மண்டோ சொல்லிச் செல்கிறார். கண்ணீரை எமக்கு விட்டுவிடுகிறார். குவாத்தமாலா எழுத்தாளர் அவுகுஸ்தோ மொன்டெரோசோ 1959இல் வெளியிட்ட தொகுப்பில் டைனோசரைப் பற்றிய கதையொன்று உண்டு. ஸ்பானிய மொழியில் அது ஒரே வாக்கியம், ஏழே சொற்கள். அதை வாசித்த பிறகுதான் கதை தொடங்குகிறது எனலாம். எமது போட்டிக் கதைகளோ வாசித்த கணத்தோடு முடிந்துவிடுகின்றன.

திருப்பத்தை நாம் கற்றது பெரும்பாலும் வார சஞ்சிகைகளின் ஒரு பக்கக் கதைகளிலிருந்தும் பின்னர் கைபேசியில் சுற்றும் துணுக்குகளிலிருந்தும்தான். ஆறு சொற்களில் ஹெமிங்வே எழுதியதாகச் சொல்லப்படும் குழந்தைக் காலணி விற்பனை விளம்பரக் கதையை எத்தனை பயிற்சிப் பட்டறைகளில் கேட்டிருப்போம். அதை அவர் எழுதியதற்கு ஆதாரமே இல்லை. அவர் 1961இல் காலமானார். அவருடைய பெயரோடு அக்கதை அச்சில் தென்படுவது அதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகளின் பின்னர்தான். அதையொத்த விளம்பரங்களும் துணுக்குகளும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. விளம்பரத் துணுக்கொன்றை இலக்கியத்தின் உச்சமாகப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, அவர்கள் துணுக்கு எழுதுகிறார்கள் என்று குறைபட முடியாது.

கவிதைகளுக்கு வருவோம்.

முதற்பரிசுக் கவிதை 1990 ஒக்டோபர் இறுதியில் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டதைப் பேசுகிறது. முதற்பாதியில் 'வேர்', 'சிறகு', 'கூடு', 'அகதிப் பறவை' என்று நாம் பலமுறை கேட்ட சொற்கள் வரிசையாக வருகின்றன. துயரம் உண்மையானது, சொற்கள் இரவல் வாங்கியவை. ஆனால் பன்னிரண்டாம் வரியில் கவிதை திடீரென விழித்துக்கொள்கிறது. புத்தளத்தில் மூன்று தசாப்தங்கள் வாழ்ந்து, அங்கேயே வீடு கட்டி, பேரப்பிள்ளையும் கண்டுவிட்ட மூத்தவாப்பா, கடைக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் 'வீட்டுக்கு வாறேன்' என்று சொல்வதில்லை. 'இங்கால வாறேன்' என்றுதான் சொல்கிறார். அந்த 'இங்கால' என்ற சொல்லுக்குள் ஓர் இனத்தின் வெளியேற்றம் முழுவதும் அடங்கிவிடுகிறது. முதல் பதினொரு வரிகளையும் நீக்கிவிட்டால் எஞ்சுவது இப்போட்டியின் ஆகச் சிறந்த ஆக்கம். பரிசு பொருத்தமானதே. ஆனால் எந்த வரிகளுக்காகப் பரிசு என்று கவிஞருக்கு நாங்கள் சொல்லவில்லை. சொல்லாதபோது அவர் அடுத்த கவிதையில் அகதிப் பறவையையே மீண்டும் பறக்க விடுவார்.

இரண்டாம் பரிசு மூன்றடிக் கவிதைகளின் கோவை ஒன்றுக்குக் கிடைத்தது. ஜப்பானியக் கவிதையின் சுருக்கத்தைப் பாரதியார் 1916இலேயே 'சுதேசமித்திரன்' கட்டுரையொன்றில் தமிழருக்கு எடுத்துச் சொன்னார். நூறாண்டுகளுக்குப் பின்னரும் எம்மில் பலருக்கு ஹைக்கூ என்பது மூன்றாக வெட்டிய ஒரு சிலேடைதான். பரிசு பெற்ற கோவையில் சில கவிதைகள். ஒன்றைத் தவிர மற்றவற்றில் மூன்றாம் அடி விடுகதைக்கு விடை சொல்வது போல வருகிறது. ஒன்றில் மட்டும், மழைக்காலக் குளக்கட்டில் யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு அப்படியே கிடக்கிறது, விளக்கம் இல்லை. அதை எழுதியவரிடம் கவிஞர் ஒருவர் இருக்கிறார் என்பதற்கு அதுவே போதும்.

மூன்றாம் பரிசுக் கவிதை பன்பாய் இழைக்கும் தாயைப் பற்றியது. ஊருக்கெல்லாம் பாய் இழைத்தவள் வெறும் சீமெந்துத் தரையில் உறங்குகிறாள் என்று அது முடிகிறது. நெசவாளி உடுக்கத் துணியில்லாதவன், கொத்தன் வீடில்லாதவன் என்ற பழகிய முரணின் இன்னொரு பதிப்பு இது. எமது கிழக்கிலங்கைக் கிராமங்களில் பன்பாய் இழைக்கும் வீட்டில் சிறுபிள்ளைக் காலத்தைக் கழித்தவன் நான். இழைப்பவள் வீட்டில் பாய்க்குப் பஞ்சமிராது. ஓரம் கோணியது, விற்காமல் போனது என்று இரண்டு மூன்று கிடக்கும். பஞ்சம் வேறிடத்தில் இருந்தது: பன் கிழித்த விரல்களில் புளியாணம் படும்போது என் மூத்தம்மா முகத்தைச் சுழிப்பார். அனுபவத்திலிருந்து எடுக்காமல் முன்பே செய்து வைத்த முரணிலிருந்து எடுத்தால் கவிதை பொய்யாகிவிடும், சொல்ல வந்த துயரம் மெய்யாகவே இருந்தாலும்.

இனிப் பரிசு பெறாத ஒரு கதைக்கு வருகிறேன். இக்கட்டுரையை எழுதியதே அதற்காகத்தான்.

அதன் களம் வயல். வேளாண்மை விளைந்து நிற்கும் காலத்தில் யானைக் காவலுக்குப் போகும் வாப்பாவோடு ஒரு சிறுமி பரணில் இருக்கிறாள். 'நித்திரை வராம ஏதும் சொல்லிக்கொண்டிரு மகள்' என்கிறார் வாப்பா. அவள் தெரிந்த கதைகளைச் சொல்கிறாள். கதைகள் முடிந்துவிடுகின்றன. வாய்பாடு சொல்லத் தொடங்குகிறாள். பன்னிரண்டாம் வாய்பாடு முடிகையில் வாப்பா உறங்கிவிடுகிறார். இருளில் ஏதோ அசைகிறது. பாடசாலையில் படிப்பிக்காத பதின்மூன்றாம் வாய்பாட்டை அவள் தானே மனதுக்குள் கூட்டிக் கூட்டி உரக்கச் சொல்லத் தொடங்குகிறாள். ஏழாவதில் கணக்குப் பிழைக்கிறது. மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறாள். கதை அங்கே நின்றுவிடுகிறது.

யானை வந்ததா என்று எமக்குத் தெரியாது. அந்தக் குரல் இருளில் எண்களை அடுக்கிக்கொண்டே இருக்கிறது. வாசித்த அன்றிரவு என் காதிலும் அது கேட்டது.

கதையில் 161 சொற்கள் இருந்தன. எல்லையை விடப் பதினொன்று அதிகம். ஒரு நடுவர் பேனையால் புள்ளியிட்டு எண்ணினார், நான் சரிபார்த்தேன். 'விதி விதிதான்' என்று மூவரும் ஒத்துக்கொண்டு அதை ஒதுக்கி வைத்தோம். விதியை மீறினால் மற்றவர்களுக்கு அநீதி என்ற வாதம் எனக்கு அன்று மிகவும் நேர்மையாகத் தோன்றியது.

விழா முடிந்து சில நாட்களின் பின் அந்தப் பிரதியை மீண்டும் எடுத்து வாசித்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. இந்தச் சொல் எல்லையே இரவல் வாங்கியது. கலிபோர்னியாவின் 'நியூ டைம்ஸ்' வாரப் பத்திரிகையில் ஸ்டீவ் மொஸ் 1987இல் தொடங்கிய 55 சொற்கதைப் போட்டியும், புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜெரோம் ஸ்டேர்ன் 1986இல் தொடங்கிய 250 சொற்கதைப் போட்டியும் ஆங்கிலத்துக்கானவை. ஆங்கிலத்தில் சொல் எங்கே முடிகிறது என்பதில் பெரிய ஐயம் எழுவதில்லை. தமிழில் அப்படியா? 'சொல்லிக் கொண்டிருந்தாள்' என்று பிரித்தால் இரண்டு, 'சொல்லிக்கொண்டிருந்தாள்' என்று சேர்த்தால் ஒன்று. 'வந்து விட்டது' இரண்டு, 'வந்துவிட்டது' ஒன்று. துணைவினையைச் சேர்த்தெழுதுவதா பிரித்தெழுதுவதா என்பதில் எமது பாடநூல்களும் பத்திரிகைகளும் ஒரே வழியில் செல்வதில்லை. புணர்ச்சி தெரிந்த ஒருவர் பத்துச் சொற்களை ஐந்தாக்கி விடலாம். ஒட்டுநிலை மொழியொன்றில் சொல்லை எண்ணி எல்லை வகுப்பது, நெல்லை அளக்க அடிமட்டம் பிடிப்பது போன்றது.

அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் பிரித்தே எழுதியிருந்தது. சேர்த்தெழுதத்தக்க இடங்களை எண்ணினேன். பதினான்கு. சேர்த்திருந்தால் 147 சொற்கள். மாறாக, முதற்பரிசுக் கதையின் ஆசிரியர் எல்லாவற்றையும் சேர்த்தே எழுதியிருந்தார். அதைப் பிரித்து எண்ணினால் அவரும் 150ஐத் தாண்டுவார். இருவரையும் நாங்கள் ஒரே கோலால் அளந்தோம் என்று எண்ணியிருந்தோம். அளந்தது இருவரது எழுத்துக்கூட்டும் பழக்கத்தைத்தான்.

அவர் யாரென்று விசாரித்தேன். பக்கத்துக் கிராமத்தில் சாதாரண தரம் படிக்கும் மாணவி. ஒரு கருத்தரங்கில் சந்தித்தபோது நடந்ததைச் சொன்னேன். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்:

"கூடிப் போனது எனக்குத் தெரியும் சேர். பதின்மூன்றாம் வாய்பாட்ட வெட்டப் பார்த்தன். வெட்டினா வாப்பா முழிச்சிடுவார் போல இருந்திச்சி. அதனால விட்டுட்டன்."

இருபது வருடங்களுக்கு மேலாகப் பிள்ளைகளுக்கு மொழி கற்பிக்கிறேன். ஆசிரியர் கலாசாலையில் சுருக்கம் எழுதுதல் பற்றி நான் எடுத்த குறிப்புகள் இன்னும் கொப்பியில் உள்ளன. எதை வெட்டலாம் என்பதை அங்கே கற்றேன். எதை வெட்டக்கூடாது என்பதை அந்த மாணவி சொல்லிக் கற்றுக்கொண்டேன். சொல்லெல்லைக்குப் பணிந்து அவர் வெட்டியிருந்தால் போட்டியில் இடம் கிடைத்திருக்கும், கதை போயிருக்கும். அவர் கதையைத் தெரிவு செய்தார். நாங்கள் எல்லையைத் தெரிவு செய்தோம்.

போட்டிகள் வேண்டாமென்று நான் வாதிடவில்லை. கிராமத்துப் பாடசாலையொன்றில் இருப்பவனுக்குப் போட்டிகளின் அருமை தெரியும். தமிழ்மொழித் தினப் போட்டிக்காகக் கோட்ட மட்டம், வலய மட்டம் என்று பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு அலைந்திருக்கிறேன். அந்த ஒரு சான்றிதழுக்காகவே முதன்முதலில் பேனையை எடுத்த பலர் இன்று இச்சஞ்சிகையில் எழுதுகிறார்கள். போட்டி ஒரு வாசல்தான். வாசலின் உயரத்தை நாம் எப்படி வைக்கிறோமோ அப்படித்தான் பிள்ளைகள் குனிந்து வரப் பழகுவார்கள்.

ஆகவே, அடுத்த போட்டியை நடத்துபவர்களிடம் மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, 'முடிவு' என்று தனியாகப் புள்ளி ஒதுக்குவதை நிறுத்துங்கள். கதையை முழுமையாகப் பாருங்கள். இரண்டு, சொற்களை எண்ணாமல் 'ஒரு பக்கத்துக்குள்' என்றோ 'இத்தனை வரிகளுக்குள்' என்றோ எல்லை வையுங்கள். சிறு மிகைக்கு ஓரிரு புள்ளிகளைக் குறையுங்கள், கதையைத் தள்ளிவிடாதீர்கள். மூன்று, பெயர்ப் பட்டியலோடு நிறுத்திவிடாமல் ஆக்கங்களையும் நடுவர் குறிப்புகளையும் அச்சிடுங்கள். புளோரிடாப் போட்டியின் பரிசாக அன்று இருந்தது நூறு டொலரும் ஒரு பெட்டி தோடம்பழமும்தான். ஆனால் அப்போட்டிக்கு வந்த கதைகளில் தேர்ந்தவை 1996இல் நூலாக வந்து உலகெங்கும் வாசிக்கப்பட்டன. ஜப்பானில் தேயிலை நிறுவனமொன்று 1989இலிருந்து நடத்தும் ஹைக்கூப் போட்டியில் தெரிவாகும் கவிதைகள் தேநீர்ப் போத்தல்களின் மேல் அச்சாகின்றன. தாகத்துக்கு வாங்கியவரும் ஒரு கவிதையை வாசித்துவிட்டே போத்தலை வைக்கிறார். எம்மிடம் போத்தல் இல்லை. பாடசாலைச் சுவர் இருக்கிறது, நூலகத்து விளம்பரப் பலகை இருக்கிறது, இந்தச் சஞ்சிகை இருக்கிறது.

வாசகர் வட்டத்தாரிடம் பேசியிருக்கிறேன். தெரிவாகாத கதைகளில் சிலவற்றையும் சேர்த்து ஒரு சிறு தொகுப்புக் கொண்டுவர இணங்கியிருக்கிறார்கள். யானைக் காவல் கதை அதில் 161 சொற்களுடனும் அப்படியே வரும். பிரித்தெழுதியவற்றைச் சேர்க்க வேண்டாமென்று அச்சகத்தாரிடம் சொல்லிவிட்டேன்.